சிலிண்டர் எந்த வகை? பழைய 911 வாங்குமுன் எழுத்தில் பெற வேண்டிய பதில்

ஒரே ஆண்டில் தயாரான இரண்டு போர்ஷே 911 எஸ்சி கார்கள். இரண்டிலும் அதே 3.0 லிட்டர் என்ஜின். பதிவுச் சான்றிதழைப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒன்றில் நிகாசில் சிலிண்டர்களும் மற்றொன்றில் அலுசில் சிலிண்டர்களும் இருக்கலாம். 1978 முதல் 1983 வரை வந்த இந்த மாடலில் தொழிற்சாலையே இரண்டு வகையையும் பொருத்தி அனுப்பியது. நிகாசில் என்றால், தேய்மானம் அளவுக்குள் இருக்கும்வரை புது ரிங் போட்டு மறுபடியும் ஓட்டலாம். அலுசிலில், விவரம் தெரியாத ஒருவர் சாதாரண ஹோனிங் கல்லை உள்ளே விட்டு ஒரு முறை தேய்த்தாலே சிலிண்டர் கெட்டுவிடும். காரை வாங்கியவர்கள் பலருக்கு இந்த வித்தியாசம் தெரியவருவது, என்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு பட்டறைக்காரர் தொலைபேசியில் அழைக்கும்போதுதான்.

911 கார் 1963இல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. அன்று முதல் 1998 வரை அதன் என்ஜினைக் குளிர்வித்தது காற்றுதான். ஆறு சிலிண்டர்களும் ஒரே வார்ப்பில் அமைந்தவை அல்ல. துடுப்பு துடுப்பாக ஃபின்கள் கொண்ட ஆறு தனித்தனிக் குழாய்கள். கழற்றலாம், மாற்றலாம், வேறொரு என்ஜினிலிருந்து எடுத்துப் பொருத்தலாம். பழுதுபார்ப்பவருக்கு இது பெரிய வசதி. வாங்குபவருக்கு இதுவே ஆபத்து. நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் எத்தனை பேர் கைவைத்திருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. கிராங்க் கேஸில் பொறித்த எண் என்ஜின் எந்த ரகம் என்று சொல்லும். அதன் மேல் இன்று உட்கார்ந்திருக்கும் சிலிண்டரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அசல் எண் மாறாத என்ஜின் என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், அது உண்மையாகவே இருந்தாலும், இந்தக் கேள்விக்கு அது பதில் ஆகாது.

நான்கு வகைகள்

1960களின் இறுதியில் வந்த 911 டி ரகத்தில் முழு வார்ப்பிரும்புச் சிலிண்டர்கள் இருந்தன. அதே காலத்தின் வேகமான ரகங்களில் பைரல்: உள்ளே இரும்பு ஸ்லீவ், அதைச் சுற்றி அலுமினிய ஃபின்கள். இவை இரண்டும் பழகிய பொருள்கள். உள்ளே ஓடுவது இரும்பு என்பதால் எந்த நல்ல பட்டறைக்கும் கைவந்த வேலை.

1973இன் கரேரா ஆர்எஸ் 2.7 இந்தக் கதையைத் திருப்பியது. சிலிண்டரின் உள்விட்டத்தை 84 மில்லிமீட்டரிலிருந்து 90 ஆக்க வேண்டும். போல்ட்டுகளுக்கு இடையே இருந்த இடமோ குறைவு. இரும்பு ஸ்லீவுக்கு இடமில்லாமல் போனது. மாலே நிறுவனம் உருவாக்கி, போர்ஷேயின் 917 பந்தயக் காரில் ஏற்கெனவே பயன்பட்ட நிகாசில் அப்போது கைகொடுத்தது. அலுமினியக் குழாயின் உட்புறத்தில் நிக்கலும் சிலிக்கன் கார்பைடு துகள்களும் கலந்த மெல்லிய பூச்சு. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பூச்சு மெலிதே தவிர, உழைப்பில் அசாத்தியமானது.

அலுசிலில் பூச்சே கிடையாது. சுமார் 17 சதவீதம் சிலிக்கன் கலந்த அலுமினியத்திலேயே குழாயை வார்த்து, உட்பரப்பைப் பதப்படுத்தி, கடினமான சிலிக்கன் படிகங்கள் லேசாக மேலே நிற்கும்படி செய்கிறார்கள். பிஸ்டன் ரிங் ஓடுவது அந்தப் படிகங்களின் மேல். அலுமினியத்தோடு அலுமினியம் உரசினால் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் என்பதால், இதில் ஓடும் பிஸ்டனுக்கு இரும்புப் பூச்சு தேவை. 1974க்குப் பிறகு வந்த 2.7 என்ஜின்களிலும் எஸ்சியிலும், 1984இல் தொடங்கிய 3.2 கரேராவில் சிலவற்றிலும் அலுசில் உண்டு. ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

காந்தம் சொல்லும் சாட்சி

பிரித்த என்ஜினில் கண்டுபிடிப்பது கடினமில்லை. ஒரு சின்னக் காந்தம் போதும். வெளி ஃபினிலேயே ஒட்டினால் முழு வார்ப்பிரும்பு. ஃபினில் ஒட்டாமல் உள்ளே பலமாக ஒட்டினால் பைரல். அதன் விளிம்பைக் கவனித்தால் இரும்பும் அலுமினியமும் சேரும் கோடுகூடத் தெரியும். உள்ளே லேசாக மட்டும் இழுத்தால் நிக்கல் இருக்கிறது, அதாவது நிகாசில். எங்கும் ஒட்டாவிட்டால் அலுசில். இதை உறுதிசெய்ய பிஸ்டனின் பக்கவாட்டில் காந்தத்தை வையுங்கள்: அலுசிலுக்கான பிஸ்டனில் இரும்புப் பூச்சு இருப்பதால் ஒட்டும், நிகாசிலுக்கான சாதாரண அலுமினியப் பிஸ்டனில் ஒட்டாது. சிலிண்டரில் மாலே என்று வார்த்திருந்தால் பெரும்பாலும் நிகாசில். கோல்பென்ஷ்மிட் நிறுவனத்தின் குறி இருந்தால் பெரும்பாலும் அலுசில். இந்தக் குறிகளை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். காந்தம் சொல்வதும் பிஸ்டன் சொல்வதும் குறியும் ஒத்துப்போக வேண்டும்.

ஓடும் காரில் இவ்வளவு தெளிவு கிடைக்காது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாகப் போரோஸ்கோப் கேமராவை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நிகாசிலில் ஹோனிங்கின் குறுக்கு வரிகள் நெடுங்காலம் ஓடிய பிறகும் தெரியும். அலுசிலின் சுவர் வரிகளில்லாமல் மங்கிய சாம்பல் நிறமாக இருக்கும். கூடவே ஆறு சிலிண்டர்களுக்கும் காம்ப்ரஷன் சோதனையும் லீக்-டவுன் சோதனையும் செய்து, ஒவ்வொன்றின் எண்ணையும் எழுதி வாங்குங்கள். ஆறில் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நின்றால் அதற்குக் காரணம் கேட்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் வரும் புகையைக் கண்டு மட்டும் பயந்துவிட வேண்டாம். படுத்தவாக்கில் இருக்கும் சிலிண்டர்களில் ஆயில் தேங்கி எரிவது இந்த என்ஜினின் சுபாவம்.

எங்கே நஷ்டம் வருகிறது

"என்ஜின் ரீபில்ட் ஆனது" என்று விளம்பரத்தில் போடுவார்கள். எதை மாற்றினார்கள் என்பது அதில் இருக்காது. அலுசிலில் ஹோனிங் போட்டுப் புது ரிங் மாட்டியதும் ரீபில்ட்தான். பூச்சில்லாத அலுமினியப் பிஸ்டனை அலுசிலுக்குள் இறக்கியதும் ரீபில்ட்தான். இரண்டும் சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஆயில் குடிக்கும், கீறல் விழும், பிடித்துக்கொள்ளும். அலுசில் குழாயை வீசிவிட வேண்டியதில்லை. அதற்கென்று இருக்கும் நிறுவனங்கள் உள்ளே நிகாசில் வகைப் பூச்சு ஏற்றித் தருகின்றன. பிஸ்டனையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். இதற்கு ஆகும் செலவு ரிங் மாற்றும் செலவைப் போலப் பல மடங்கு. விலை பேசும்போதே தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது.

நிகாசிலும் எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் தப்பிக்கவில்லை. 1990களில் பிஎம்டபிள்யூவின் வி8 என்ஜின்களில், கந்தகம் அதிகமுள்ள பெட்ரோலால் அந்தப் பூச்சு அரிக்கப்பட்டது. அமெரிக்காவில் நிறுவனம் உத்தரவாதத்தை நீட்டி, பிளாக்குகளை மாற்றிக் கொடுத்தது. அது புதுக் கார் வாங்கியவர்களுக்குக் கிடைத்த நிவாரணம். நாற்பது வயதான கார் வாங்குபவருக்கு உற்பத்தியாளர் துணை நிற்கமாட்டார். கையில் இருக்கும் காகிதம்தான் துணை.

சட்டம் தரும் பிடி

பிரிட்டனில் வியாபாரியிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் பொருந்தும். பொருள் விவரித்தபடி இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதன் பிறகு, பழுது நீக்க வியாபாரிக்கு ஒரு வாய்ப்பு. அதிலும் சரியாகாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது விலையைக் குறைக்கச் சொல்லலாம். ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை விற்பனையின்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது வியாபாரியின் பொறுப்பு. ஆனால் பழைய காருக்கு உரிய தேய்மானத்தை யாரும் குறை என்று ஏற்கமாட்டார்கள். எனவே "தேய்ந்திருக்கிறது" என்ற வாதத்தைவிட "நிகாசில் என்று எழுதிக் கொடுத்தார், அலுசில் இருக்கிறது" என்ற வாதம் பல மடங்கு வலுவானது.

தனிநபரிடம் வாங்கினால் தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. விவரித்தபடி இருக்க வேண்டும் என்பது மட்டும் அவரையும் கட்டுப்படுத்தும். பொய் சொல்லி விற்றிருந்தால், தவறான தகவல் தருவது பற்றிய 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம். நேரில் கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்தில் எடுத்த பழைய கார் என்றால் மேலே சொன்ன நுகர்வோர் பாதுகாப்பில் பெரும்பகுதி கிடைக்காது. ஏல அரங்கில் கையைத் தூக்குமுன் இதை மறக்க வேண்டாம்.

ஜெர்மனியில், குறை விற்பனையின்போது இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு 2022 ஜனவரி முதல் ஓராண்டுக்கு வியாபாரியின் மேல் இருக்கிறது. தனிநபர் விற்பனையில் பொறுப்பை விலக்கி எழுதலாம். தெரிந்தே மறைத்த குறைக்கு அந்த விலக்கு செல்லாது. அமெரிக்காவில் வியாபாரி காரின் கண்ணாடியில் ஒட்டும் விவரத்தாளில் "இருக்கும் நிலையில்" என்று குறித்திருந்தால் பாதுகாப்பு மிகவும் சுருங்கும். அங்கும் எழுத்தில் தந்த விவரிப்பு ஒரு உத்தரவாதமாக நிற்கும்.

பட்டறை வேலைக்கும் உரிமை உண்டு. பிரிட்டனில் வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று அதே 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. பில் தொகை 100 பவுண்டுக்கு மேல், 30,000க்கு மிகாமல் இருந்து, முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், அட்டை நிறுவனமும் சேர்ந்து பொறுப்பாகும். ரொக்கமாகக் கொடுத்தால் தள்ளுபடி என்று சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டரின் வகை சொன்னதற்கு மாறாக இருப்பது தெரிந்த அன்றே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். காந்தத்தோடு, பிஸ்டனோடு, வார்த்த குறியோடு ஆறு சிலிண்டர்களையும் தனித்தனியாகப் படமெடுங்கள். கழற்றிய எதையும் பட்டறை தூக்கிப்போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவைதான் சாட்சி. விற்றவருக்கு எழுத்தில் தெரிவித்து, வந்து பார்க்க வாய்ப்புக் கொடுங்கள். சம்பந்தமில்லாத ஒரு பொறியாளரின் அறிக்கை வாங்குங்கள். இதற்கெல்லாம் முன்னால் சரிசெய்துவிட்டால் வழக்குக்கு ஆதாரம் இருக்காது.

நம் ஊரிலும் இதே கேள்வி எழுகிறது. யமஹா ஆர்15 பைக்கின் சிலிண்டரும் ஸ்லீவ் இல்லாத சிலிக்கன் அலுமினியம்தான். பழகிய லேத்தில் கொடுத்து "ரீபோர் போட்டுடுங்க அண்ணே" என்றால், அந்த சிலிண்டர் அங்கேயே வீணாகும். அப்படி வீணாக்கிய பட்டறைமீது இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதல் ஆலோசனை கிடைக்கும். பில் இல்லாமல் செய்த வேலைக்கு அங்கே வாதாடுவது மிகக் கடினம்.

காருக்கோ பைக்குக்கோ, வேலையை ஒப்படைக்கும் சீட்டில் இதை எழுதிக் கேளுங்கள்: சிலிண்டரின் வகை, அதை எப்படிக் கண்டறிந்தார்கள், பிஸ்டனின் வகை, பூச்சு ஏற்றியிருந்தால் செய்த நிறுவனத்தின் பெயர், தேதி, கையெழுத்து.