மூன்று சுருளில் சிக்கிய வண்ணம்

1934-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'லா குக்கராச்சா' இருபது நிமிடப் படம். மெக்சிகோவில் ஓர் உணவு விடுதி, அங்கே ஆடும் பாஞ்சோ, அவன்மேல் ஆசை வைத்த பாடகி சட்டிட்டா, ஆட்டம் பிடித்தால் பாஞ்சோவைத் தன் அரங்குக்கு அழைத்துக்கொள்ள வரும் முதலாளி. ஊடலும் பாட்டும் சிரிப்புமாகக் கதை முடிந்துவிடும். இதற்குப் போய்ச் சுமார் 65,000 டாலர் செலவழித்தார்கள். படமெடுத்த பயனியர் பிக்சர்ஸை நிறுவிய ஜான் ஹே விட்னி, வண்ணப்பட நிறுவனமான டெக்னிகலரிலும் பணம் போட்டிருந்தவர். டெக்னிகலரின் புதுக் கேமரா என்ன செய்யும் என்று ஹாலிவுட்டுக்குக் காட்டத்தான் இந்தப் படம்.

அதுவரை டெக்னிகலர் சிவப்பு, பச்சை என்ற இரண்டே நிறப் பதிவுகளை வைத்து ஒப்பேற்றி வந்தது. அதில் நீலம் சரியாக வராது. புதுக் கேமராவில் மூன்று பிலிம் சுருள்கள் ஒரே நேரத்தில் ஓடின. லென்ஸுக்குப் பின்னால் இருந்த பட்டகம் ஒளியை இரண்டாகப் பிரித்தது. ஒரு பங்கு பச்சை வடிகட்டி வழியாக ஒரு சுருளில் விழுந்தது. மறுபங்கு, முகத்தோடு முகம் ஒட்டி ஓடிய இரண்டு சுருள்களில் விழுந்தது: முன்னது நீலத்தைப் பதிய, பின்னது சிவப்பைப் பதிந்தது. மூன்றுமே கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள்தாம். நிறம் ஏறியது ஆய்வகத்தில். ஒவ்வொன்றிலிருந்தும் ஜெலட்டின் மேடுபள்ளம் கொண்ட அச்சுப் பிலிம் செய்து, சாயத்தில் நனைத்து, துணியில் அச்சுக் குத்துவதுபோல ஒரே பிலிம்மீது அடுத்தடுத்து ஒற்றினார்கள். மஞ்சள், மெஜந்தா, பச்சை கலந்த நீலம் மூன்றும் இம்மி பிசகாமல் பொருந்தியாக வேண்டும்.

ஒளியை இப்படிப் பங்கு போட்டதால் ஒவ்வொரு சுருளுக்கும் கிடைத்தது கொஞ்சமே. அதை ஈடுகட்டப் படப்பிடிப்புத் தளத்தில் விளக்குகளைக் கொட்டிக் குவிக்க வேண்டியிருந்தது. அந்த விளக்குகளையே நடிக்க வைத்தார் பிராட்வே மேடை வடிவமைப்பாளர் ராபர்ட் எட்மண்ட் ஜோன்ஸ். பாத்திரத்துக்குக் கோபம் ஏறினால் முகத்தின்மேல் செவ்வொளி பாயும். இன்றைய கண்ணுக்கு அது கொஞ்சம் மிகைதான். அன்று புத்தம் புதுசு.

நடிகர்களை வைத்து இந்த மூன்று சுருள் முறையில் எடுத்த முதல் குறும்படம் இதுதான் என்று பலரும் எழுதுவதுண்டு. ஆனால் வார்னர் பிரதர்ஸின் 'சர்வீஸ் வித் எ ஸ்மைல்' சில வாரம் முந்திக்கொண்டது. நகைச்சுவைக் குறும்படத்துக்கான ஆஸ்கரை வென்றதோ 'லா குக்கராச்சா'. அந்தத் தெம்பில் விட்னியின் நிறுவனம் 1935-ல் 'பெக்கி ஷார்ப்' எடுத்தது. முழுக்க மூன்று சுருள் முறையில் உருவான முதல் முழுநீளக் கதைப்படம் அதுதான்.