எட்டு விநாடியில் போன பட்டம்

மூன்று வாரம், 87 மணி நேரத்துக்கு மேல் சைக்கிள் மிதித்த இருவரைக் கடைசியில் பிரித்தது வெறும் 8 விநாடி.

1989 ஜூலை 23. டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தின் இறுதி நாள். வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கி.மீ. ஒவ்வொருவராகக் கிளம்பி, கடிகாரத்தோடு மோதும் 'டைம் ட்ரயல்'. பிரான்சின் லோரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். போதும் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட், முன்னே நீண்ட ஹேண்டில்பாரில் முழங்கைகளை ஊன்றி முதுகைத் தாழ்த்தி வந்தார். டிரையத்லான்காரர்களிடமிருந்து வந்த உத்தி அது. தலையில் பின்பக்கம் கூம்பிய ஹெல்மெட். ஃபின்யோனுக்கு ஹெல்மெட்டே இல்லை. குதிரைவால் முடி காற்றில் ஆடியது. இத்தனைக்கும் அவர் சைக்கிளில் இரண்டுமே காற்றைச் சமாளிக்கும் தட்டுச் சக்கரங்கள். சக்கரத்தில் காட்டிய அக்கறை தலையில் இல்லை!

வேகம் இரட்டித்தால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவைப்படும் திறனோ எட்டு மடங்கு. அந்தத் தடையில் பெரும்பங்கு சைக்கிளால் அல்ல, அதை மிதிப்பவரின் உடம்பால் வருவது.

லெமாண்ட் 26 நிமிடம் 57 விநாடியில் முடித்தார். ஃபின்யோனுக்கு 58 விநாடி கூடுதல். சீட் உராய்ந்து வந்த புண் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. பழி முழுவதையும் குதிரைவாலின் மேல் போடுவது நியாயமல்ல.

1983, 1984இல் வென்றிருந்த ஃபின்யோனுக்கு மூன்றாவது பட்டம் கிடைக்கவே இல்லை. 2010இல் காலமானார்.