விடாத விக்கலை அலட்சியம் செய்யாதீர்கள்!

விக்கல் எடுத்தால் 'யாரோ நினைக்கிறாங்க' என்று சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்போம், நின்றுவிடும். ஆனால் இரண்டு நாளைக்கு மேல் இரவு பகலாக விக்கலும் வாந்தியும் நிற்காவிட்டால், அது மூளை சம்பந்தப்பட்டதாகவும் இருக்கலாம். என் நாத்தனாருக்கு வந்த பிறகுதான் எங்களுக்கே இது தெரிந்தது. மற்ற சகோதரிகளுக்கும் பயன்படட்டுமே என்று எழுதுகிறேன்.

2017-ம் வருஷக் கடைசியில் அவளுக்குப் பத்து நாள் விடாத விக்கல். குடித்த கஞ்சிகூட வயிற்றில் தங்கவில்லை. எண்டோஸ்கோப்பி பார்த்தார்கள். 'ஒன்றுமில்லை, கேஸ் டிரபிள்' என்றார்கள். அதுவும் தானாக நின்றுவிட்டது. மூன்று மாசம் கழித்து, "அண்ணி, வலது கண்ணை அசைச்சா வலிக்குது. குங்குமம் வெளுத்துப்போன மாதிரி தெரியுது" என்றாள். நாலே நாளில் அந்தக் கண்ணால் விரலைக்கூட எண்ண முடியவில்லை. கண் டாக்டர் வைத்தியத்தில் ஓரளவு பார்வை திரும்பியது. திருஷ்டி என்று பெரியவர்கள் மந்திரித்துக் கயிறும் கட்டினார்கள். அடுத்த ஆடியில் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினது போல வலி. இரண்டே நாளில் கால்கள் மரத்து, எழுந்து நிற்க முடியாமல், சிறுநீரும் பிரியாமல் போய்விட்டது.

வயிற்றுக்கு ஒரு டாக்டர், கண்ணுக்கு ஒரு டாக்டர் என்று போனதால் மூன்றையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. கடைசியில் நரம்பு டாக்டர் ஒருவர்தான், "இதுக்கு முன்னால என்னென்ன வந்துச்சும்மா?" என்று நிதானமாகக் கேட்டார். பால் கணக்கு எழுதும் காலண்டரில் ஆஸ்பத்திரிக்குப் போன தேதிகளை நான் குறித்து வைத்திருந்தேன். அதைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, விக்கல் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதுகுத் தண்டுக்கும் சேர்த்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அக்வாபோரின்-4 என்ற ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். வியாதியின் பெயர் 'நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா'.

நம் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நம்மைத் தாக்குவதுதான் இது. வேலியே பயிரை மேய்கிற கதை. மூளை, நரம்பு மண்டலத்தின் செல்களில் தண்ணீர் போய்வர அக்வாபோரின் என்ற வாசல்கள் உண்டு. கண் நரம்பிலும், முதுகுத் தண்டிலும், மூளையின் அடியில் வாந்தியைத் தூண்டும் இடத்திலும் இவை அதிகம். அதனால்தான் கண், கால், விக்கல் என்று சம்பந்தமில்லாதது போல வருகிறது. 1894-லேயே பிரான்சில் டெவிக் என்ற டாக்டர் இந்த வியாதியைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் ரத்தத்தில் கண்டுபிடிக்கும் வழி அமெரிக்காவின் மேயோ கிளினிக் மூலம் 2004-ல்தான் கிடைத்தது. இந்தப் பரிசோதனையில் தெரிகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள்தானாம்!

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற இன்னொரு வியாதியும் இதே போல இருக்கும். ஆனால் அதற்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான் போன்ற சில மருந்துகள் இதை அதிகப்படுத்திவிடும். பெயரைச் சரியாகக் கண்டுபிடிப்பது அதனால்தான் முக்கியம்.

அவளுக்கு ஐந்து நாள் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். அது போதாமல் ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சையும் செய்தார்கள். மறுபடி வராமல் இருக்க அசதயோப்ரின் மாத்திரை சாப்பிடுகிறாள். இப்போது கோல் ஊன்றி நடக்கிறாள், சமைக்கிறாள். வலது கண்ணில் முழுப் பார்வை மட்டும் வரவில்லை. ஒவ்வொரு தாக்குதலும் எதையாவது எடுத்துக்கொண்டுதான் போகிறது. அதனால் முதல் தடவையே கண்டுபிடித்தால் இழப்பு குறைவு.

சகோதரிகளே, கண்ணை அசைத்தால் வலி, நிறம் மங்குதல், கால் மரத்துப்போதல், நிற்காத விக்கல் இவற்றில் எது வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். முன்பு வந்தது சம்பந்தமில்லாதது போலத் தோன்றினாலும் டாக்டரிடம் தேதியோடு சொல்லுங்கள். 'நல்லாத்தானே இருக்கேன்' என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குழந்தை பெறத் திட்டமிட்டால் முன்கூட்டியே டாக்டரைக் கேளுங்கள், பிரசவத்துக்குப் பின் மறுபடி தாக்க வாய்ப்பு அதிகம். இது தொற்று வியாதி இல்லை. அவள் தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கச் சொல்கிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, கும்பகோணம்