பாலில்லாப் பழப் பனிக்கூழ்

சித்திரை முடிந்து வைகாசி பிறக்கும் வேளையில் டில்லி வாழ் தமிழர் இல்லங்களில் பேச்செல்லாம் ‘லூ’ என்னும் அனற்காற்றைப் பற்றியதாகவே இருக்கும். அந்நாள்களில் மாலை மயங்கியதும் தெருமுனையில் குல்பி வண்டியின் மணியோசை கேட்டால், குழந்தைகள் வாசலுக்கு ஓடுவதும் பெரியோர் சில்லறை தேடுவதும் நாம் அனைவரும் அறிந்த காட்சியே.

அம்மணியோசை கேட்டதும் உள்ளறைக்குச் சென்றுவிடும் குழந்தை ஒன்று எங்கள் குடும்பத்தில் உண்டு. என் தங்கையின் மகன், வயது ஆறு. பால் அவன் உடலுக்கு ஒவ்வாது. ஒரு கரண்டி பாற்பாயசம் உண்டாலும் மேனியெங்கும் தடித்து, உதடு வீங்கி, மூச்சுத் திணறும். சென்ற கோடையில் எங்கள் குடியிருப்பில் நடந்த பிறந்தநாள் விழாவொன்றில் குழந்தைகள் எல்லோரும் ஐஸ்கிரீம் கிண்ணத்துடன் அமர்ந்திருக்க, இவன் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். வீடு திரும்பும் வழியில், “பெரியம்மா, பால் இல்லாத ஐஸ்கிரீம் உலகத்திலேயே கிடையாதா?” என்று கேட்டான். அக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

விடை தேடப் புகுந்தபோது முதலில் அறிந்துகொண்டது, கடைச் சரக்கை நம்பலாகாது என்பதே. நம் நாட்டில் ‘ஃப்ரோஸன் டெஸர்ட்’ என்ற பெயரில் விற்கப்படுவனவற்றில் பாற்கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்க்கப்படுகிறது. அதனால் அவை பாலே இல்லாதவை என்று எண்ணிவிடுவோர் பலர். ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றில் பாற்பொடி கலந்தே இருக்கும். பொடியாக விற்கும் தேங்காய்ப்பால் சிலவற்றிலும் ‘சோடியம் கேசினேட்’ என்னும் பாற்புரதம் உண்டு. ஆதலின் உறையின் பின்புறம் அச்சிட்டுள்ள சேர்பொருள் பட்டியலை ஒரு முறைக்கு இரு முறை படித்தல் வேண்டும்.

பால் ஒவ்வாமை என்று நாம் பொதுவாகச் சொல்வது இரு வகைப்படும். பாலிலுள்ள ‘லாக்டோஸ்’ என்னும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி உடலில் குறைந்திருப்பது ஒன்று. இவர்களுக்கு வயிறு உப்பும், கழிச்சல் உண்டாகும். எனினும் சிறிதளவு தயிரோ மோரோ பலருக்குத் தொல்லை தருவதில்லை. மற்றொன்று, பாற்புரதத்தையே உடல் பகையாகக் கருதி எதிர்ப்பது. இது சில வேளை உயிருக்கே இடராக முடியும். இவர்களுக்கு ஒரு துளி பாலும் ஆகாது, ஆட்டுப்பாலும் மாற்றாகாது. எவ்வகை என்பதை மருத்துவரே தெளிந்து சொல்லவேண்டும். தேங்காயோ பழமோ ஒவ்வாத குழந்தைகளும் அரிதாக உண்டு. முன்னரே கேட்டறிதல் நன்று.

இனி, கீழ்க்காணும் பண்டம் எங்கள் இல்லத்தில் பல முறை செய்து பார்த்துத் திருந்திய ஒன்று.

மாம்பழத் தேங்காய்ப்பால் பனிக்கூழ்

தேவையான பொருள்கள்: நன்கு கனிந்த மாம்பழத்தின் சதை 500 கிராம், தேங்காயின் கெட்டியான முதற்பால் 250 மில்லி, சர்க்கரை 125 கிராம், தண்ணீர் 50 மில்லி, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, ஏலக்காய் இரண்டு, உப்பு ஒரு சிட்டிகை.

டில்லிச் சந்தையில் ‘சஃபேதா’ என்று கூவி விற்பது நம் பங்கனபள்ளியே. அதன் சதையில் நார் இல்லை. இதற்கு மிகவும் ஏற்றது. பருவம் நகர நகரத் தசேரியும், அதன்பின் சௌசாவும் வரும். பம்பாய் அன்பர்களுக்கு ஹாபுஸ் இருக்கவே இருக்கிறது. நார் மிகுந்த பழமாயின் அரைத்தபின் வடிகட்டிக்கொள்ளலாம்.

செய்முறை: சர்க்கரையைத் தண்ணீரில் இட்டுச் சூடாக்கிக் கரைத்து, முற்றும் ஆறவிடுக. தேங்காயைத் துருவி, வெதுவெதுப்பான நீர் சிறிதே தெளித்து அரைத்து, துணியில் இட்டுப் பிழிந்து முதற்பாலை மட்டும் எடுத்துக்கொள்க. மாம்பழச் சதை, பாகு, தேங்காய்ப்பால், எலுமிச்சைச் சாறு, ஏலப்பொடி, உப்பு ஆகியவற்றை மிக்ஸியில் ஒன்றாக அரைத்து, ஒரு மணி நேரம் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துக் குளிரச் செய்க. பின்னர் அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி மூடி, உறைபெட்டியில் வைக்கவும்.

ஒன்றரை மணி நேரத்தில் ஓரங்கள் உறையத் தொடங்கும். அப்போது வெளியே எடுத்து, முள்கரண்டியால் ஓரங்களைச் சுரண்டி நடுவே தள்ளி, நன்கு அடித்துக் கலக்கி மீண்டும் வைக்கவும். முக்கால் மணிக்கு ஒரு முறையாக மும்முறை இவ்வாறு செய்தபின், நான்கு அல்லது ஐந்து மணி நேரம் அசையாது விட்டுவிடலாம். பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்னதாக வெளியே எடுத்துவைத்தால் கரண்டி எளிதில் இறங்கும்.

இத்தனை முறை கிளறுவது எதற்கு என்று சகோதரிகள் கேட்கலாம். கிளறாது விட்டால் நீர் பெரிய பெரிய பளிங்குகளாக உறைந்து, நாவில் மணல் போல் நெறுநெறுக்கும். கிளறும்போது பளிங்குகள் சிறுத்துப்போகும். சர்க்கரைக்கும் இனிப்பூட்டுவதோடு வேறு வேலை உண்டு. அது நீர் உறையும் நிலையைத் தாழ்த்துவதால் கூழ் பாறையாக இறுகுவதில்லை. ஆகவே சர்க்கரையை மிகக் குறைப்பது தகாது. பாற்கொழுப்பு தரும் வழவழப்பைத் தேங்காயின் கொழுப்பு தந்துவிடுகிறது. உறைந்த பண்டத்தில் நாவுக்கு இனிப்பு குறைவாகவே தோன்றும். கலவை சற்றுத் தித்திப்பாக இருப்பதே சரியான பதம்.

உறைபெட்டி இல்லாதோரும், மின்வெட்டுக்கு அஞ்சுவோரும் கலங்க வேண்டுவதில்லை. மூன்று பங்கு உடைத்த பனிக்கட்டிக்கு ஒரு பங்கு கல்லுப்பு என்ற கணக்கில் ஒரு பெரிய வாளியில் அடுக்கி, அதன் நடுவே இறுக மூடிய சிறு தூக்கை வைத்துச் சுழற்றிக்கொண்டே இருந்தால், அரை மணி முதல் முக்கால் மணிக்குள் கூழ் கெட்டிப்படும். இடையிடையே திறந்து கிளறுதல் வேண்டும். உப்பு சேர்ந்த பனிக்கட்டி உருகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை ஈர்த்துக்கொள்கிறது. அக்கலவையின் குளிர் சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ் வரை இறங்கவல்லது. அதனால் வெறுங்கையால் அதைத் தொடலாகாது. குல்பி அச்சுகளின் மூடியைப் பிசைந்த மாவால் அடைக்கும் வழக்கம், உப்புநீர் உள்ளே புகாதிருக்கவே ஏற்பட்டது.

குளிர்விக்கும் கலை இந்நாட்டுக்குப் பழையது. அக்பர் காலத்தில் வெடியுப்பைக் கொண்டு நீரைக் குளிர்வித்ததையும், 1586 முதல் வடமலைகளிலிருந்து லாகூருக்குப் பனி கொண்டுவந்ததையும் அபுல் பசல் ‘ஆயினே அக்பரி’யில் குறித்துள்ளார். நம் சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் ‘ஐஸ் ஹவுஸ்’, அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் எழுப்பப்பட்டதே. இன்று அப்பனிக்கட்டி நம் அடுக்களையிலேயே கிடைக்கிறது.

நேரம் இல்லாதோர்க்கு எளிய வழி ஒன்றும் உண்டு. தோலில் கரும்புள்ளி விழுமளவு கனிந்த வாழைப்பழத்தை வில்லைகளாக நறுக்கி, ஓர் இரவு முழுவதும் உறையவைத்து, மறுநாள் சிறிது சிறிதாக மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றினால், வேறெதுவும் சேர்க்காமலே வெண்ணெய் போல் திரண்டுவரும்.

ஒரு சொல் எச்சரிக்கை: பாற்புரதம் ஒவ்வாத குழந்தைக்குச் செய்யும்போது, லஸ்ஸி அடித்த மிக்ஸி ஜாடியை அப்படியே எடுத்துவிடலாகாது. சோப்பிட்டுக் கழுவி, இயன்றால் கரண்டியும் பாத்திரமும் தனியாகவே வைத்துக்கொள்க. விழாவில் பரிமாறும்போதும் ஒரே கரண்டியை இரு பாத்திரங்களில் இடாதிருத்தல் அவசியம்.

இவ்வாண்டு அச்சிறுவனின் பிறந்தநாளுக்கு இருபது கிண்ணங்கள் நிரம்பும் அளவு செய்தோம். கிண்ணங்களை எடுத்துச் சென்று தோழர்களுக்கு வழங்கியவன் அவனே. “இதில் பால் இல்லை, தெரியுமா?” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே போனான். ஒரு குழந்தையும் அதைப் பொருட்படுத்தவில்லை. இன்னொரு கிண்ணம் கேட்பதிலேயே கருத்தாக இருந்தார்கள். நம் சங்கத்தின் கோடை விழாவிலும் இத்தகைய பாத்திரம் ஒன்று தனியே இருக்குமாயின், சுவரோரம் நிற்கும் பிள்ளை எவரேனும் இருப்பின், அவரும் வரிசையில் வந்து நிற்பார் அல்லவா?