காற்றுதான் இங்கே மலை

தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு வரை, முத்துக்குளித்துறை ஓரமாகத் தனியே ஒரு சைக்கிள் பயணம்

விடியற்காலை ஐந்து மணி. பனிமய மாதா பேராலயத்தின் முன்னால் சைக்கிளை நிறுத்தி டயரை அழுத்திப் பார்த்துக்கொண்டேன். பனியே விழாத ஊரில் மாதாவின் பெயரில் மட்டும் பனி. ரோமாபுரியின் எஸ்குயிலின் குன்றில் ஆகஸ்ட் மாதம் பனி பெய்ததாகச் சொல்லப்படும் புதுமையிலிருந்து வந்த பெயர் அது. இங்கே திருவிழாவும் ஆகஸ்ட் 5-இல்தான். ஆடி மாதம், தென்மேற்குப் பருவத்தின் கச்சான் காற்று கொடிகட்டிப் பறக்கும் காலம்.

சைக்கிளில் ஊர் சுற்றும் ஆசை உள்ளவர்களுக்கு ஐரோப்பாவின் மலைகள் ஒரு கனவு. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரம். ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து, மேடு பள்ளமே இல்லாத நம் கரையில் ஓட்டுவதற்கு என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முள்ளக்காடு தாண்டுவதற்குள் அந்த நினைப்பு கலைந்துவிட்டது.

எதிரே நிற்கும் காற்று

முத்தையாபுரத்தைக் கடந்தால் இருபுறமும் உப்பளங்கள். பாத்திகளில் நீர் நடுங்கிக்கொண்டிருந்தது. விடியும்வரை சும்மா இருந்த காற்று, வெயில் ஏற ஏற முகத்தில் கை வைத்துத் தள்ளத் தொடங்கியது. அப்போது பக்கத்தில் வந்து சேர்ந்தார் உப்பு வாரப் போகிற ஒருவர். கேரியரில் தூக்குச்சட்டி, தலையில் துண்டு.

“எங்க போறிய தம்பி, ஒத்தையில?”

“மணப்பாடு வரைக்கும் அண்ணாச்சி.”

“எதுத்த காத்துல்லா! வெயில் ஏறுததுக்குள்ள போயிருங்க.”

சொல்லிவிட்டு உடம்பைத் தாழ்த்தி, சாலையோர மண்ணில் இறங்கி, அவர் எனக்கு முன்னால் போய்விட்டார். அவருடையது கியர் இல்லாத பழைய சைக்கிள்.

சமதரையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம் என்று வையுங்கள். அதே வேகத்தில் காற்று எதிரே வீசினால், காற்றின் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. மலை ஏற்றத்துக்கு ஓர் உச்சி உண்டு, ஏறி முடித்தால் இறக்கம் வரும். எதிர்காற்றுக்கு உச்சி கிடையாது.

இதை நன்றாக அறிந்தவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். அவர்கள் நாடும் தட்டை. பலத்த காற்று வீசும் நாளாகப் பார்த்து, ஓஸ்டர்ஸ்கெல்டே கடல் தடுப்பின் மேல் கியர் இல்லாத சைக்கிளில் எட்டரை கிலோமீட்டர் எதிர்காற்றில் ஓட்டும் தேசியப் போட்டியையே 2013 முதல் நடத்துகிறார்கள். அவர்களுடைய முன்னோர்தான் 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தவர்கள். அவர்களை இவ்வளவு தூரம் இழுத்து வந்த முத்தும் காற்றின் தயவில்தான் கரை சேர்ந்தது.

காற்று வகுத்த கரை

கச்சானும் வாடையும் ஓய்ந்து கடல் தெளியும் பங்குனி, சித்திரையில்தான் முத்துக்குளிப்பு. நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் பாய் விரித்துத் தோணிகள் முத்துச்சிப்பி விளையும் பார்களுக்குப் போகும். கல்லைப் பிடித்துக்கொண்டு குளிகாரர் இறங்குவார்; மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி அவர் உயிரைக் காத்து நிற்பார். பிற்பகல் கடல்காற்று எழுந்ததும் தோணிகள் திரும்பும். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். சிப்பி போய்விட்டது, காற்று போகவில்லை. இன்று அது உப்பை விளைவிக்கிறது. வெயில் மட்டும் போதாது. பாத்தியின் ஈரத்தைக் காற்று வாரிக்கொண்டு போனால்தான் உப்பு பூக்கும்.

பழையகாயல் தாண்டி முக்காணிப் பாலத்தில் ஏறினால் கீழே தாமிரபரணி. ஆத்தூர் வரைக்கும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் காற்றை மறித்து நிற்கின்றன. மலைப் பயணத்தில் பள்ளத்தாக்கு தருகிற ஆறுதலை இங்கே இந்த ஆற்றுப்படுகை தருகிறது. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இங்கிருந்து கிட்டத்தில்தான். ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணில் கடல் விலகிப்போக, கொற்கை வயல் சூழ்ந்த சிற்றூராகிவிட்டது. இடப்பக்கம் பிரியும் சாலை முகத்துவாரத்துப் புன்னைக்காயலுக்குப் போகிறது. என்றிக்கே என்றிக்கசு பாதிரியார் 1586-இல் தமிழ்ப் புத்தகம் அச்சிட்டதாகச் சொல்லப்படும் ஊர். காரில் போனால் கைகாட்டிப் பலகை கண்ணில் படுவதற்குள் ஊர் போய்விடும். எதிர்காற்றில் மிதிப்பவனுக்கு ஒவ்வொரு பலகையும் நின்று மூச்சு வாங்க ஒரு காரணம்.

காயல்பட்டினத்தில் ஒரு தேநீர். திருச்செந்தூர்க் கோபுரத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு, நெடுநேரம் மிதித்து அதன் அடிக்கு வந்தேன். குலசேகரன்பட்டினத்தை நெருங்கும்போது வலப்பக்கம் மேற்கே தேரிக்காட்டின் செம்மண். தேரியும் காற்றின் வேலைதான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்கிற ஆடிக் காற்று தலைமுறை தலைமுறையாக அள்ளிக் குவித்த செம்மணலில் பனைகள் இடுப்புவரை புதைந்து நிற்கின்றன.

மணப்பாட்டில்தான் கால் உணர்கிற முதல் ஏற்றம், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்மேடு. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் ஏறினேன். மேலே 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். சரிவில் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. மேட்டில் நின்று பார்த்தால், அலையின் நுரையும் கரையின் மணலும் ஒரே திசைக்கு ஓடுகின்றன. வழியெல்லாம் என்னைத் தடுத்த காற்றை அங்கேதான் கண்ணால் பார்த்தேன்.

ஒரு முழம் சாலை

திரும்பும்போது காற்று முதுகில் கை வைத்தது. காலையில் ஒவ்வொரு கிலோமீட்டராக எண்ணிய சாலை, மிதிக்காமலேயே பின்னால் ஓடியது. பாய் விரித்த தோணிக்காரர் அறிந்திருந்த சுகம் இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்தச் சுகத்தைக் கெடுத்தவை உரசிக்கொண்டு போன லாரிகள். ஒவ்வொரு லாரியும் கடக்கும்போது காற்று ஒரு கணம் அறுபட்டு, சைக்கிள் ஆடிப்போகிறது. நான் ஒருநாள் வந்தவன். உப்பளத்துக்குப் போகிறவர்கள் இருட்டில் இதே ஓரத்தில்தான் தினமும் போகிறார்கள். ஐரோப்பாவின் மலைகளுக்கு வருவதைப் போல இங்கேயும் சைக்கிள் பயணிகள் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதற்கு முன், ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்குச் சாலையின் இருபுறமும் தனியாக ஒரு தடம் போட்டுக் கொடுக்க வேண்டும்.

முள்ளக்காட்டு உப்பளங்கள் மீண்டும் வந்தபோது பாத்தியோரம் வெள்ளையாகக் குவியல்கள். காலையில் என்னை முந்திப் போன அண்ணாச்சியின் கை வாரியதும் அதில் இருக்கும். அவர் மண்ணில் இறங்கி ஓட்டிய இடத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்தேன். தார் ஓரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒற்றை டயர்த் தடம், நாள்தோறும் ஓடி ஓடி இறுகிப்போய்க் கிடந்தது.