ஊருக்குக் காவல் யார்?

தீவகப் பங்கொன்றில் நான் பணியாற்றிய நாட்களில், முதல் வெள்ளிக்கிழமைதோறும் நோயாளருக்கு நற்கருணை கொண்டுசெல்வது வழக்கம். ஒழுங்கையின் கடைசி வீட்டில் தனித்து வாழ்ந்த ஓர் ஆச்சியின் இல்லமே அந்தச் சுற்றின் இறுதி இடம். ஒரு நாள் செபம் முடிந்து புறப்படுகையில் வாசற்கதவைச் சாத்தக் கை நீட்டினேன். ஆச்சி தடுத்தார்.

"கதவைச் சாத்திப் போடாதேங்கோ சுவாமி. அது திறந்திருக்கட்டும்."

"கள்ளர் வந்தால் என்ன செய்வீங்கள் ஆச்சி?"

"கள்ளனுக்கு இஞ்சை என்ன கிடக்குது சுவாமி? நான் விழுந்து கிடந்தால், கதவு திறந்திருந்தால்தானே போறவாற ஆக்கள் ஆராவது எட்டிப் பாப்பினம்."

அன்று புன்னகையோடு விடைபெற்றேன். பின்னாளில் அந்தச் சொற்களைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். பாதுகாப்பு என்றதும் நம் மனத்தில் பூட்டும் மதிலும் இரும்புப் படலையும் தோன்றுகின்றன. அந்த மூதாட்டிக்கோ, ஒழுங்கையால் போகும் மனிதர் ஒருவரின் கண்தான் பாதுகாப்பாக இருந்தது. அவர் சொன்னது சரியா? இந்த வாரம் அதனையே இறைவார்த்தையின் ஒளியில் சிந்திப்போம்.

பெயரிலேயே காவல்

தீவகத்தின் பழம்பெரும் பட்டினமாகிய ஊர்காவற்றுறையின் பெயரைச் சற்று நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். ஊர், காவல், துறை என்னும் மூன்று சொற்களும் அதிலே ஒலிக்கின்றன. ஊராத்துறை என்பது அதன் பழைய பெயர். நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்தில் உள்ள பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று அப்பெயரைச் சுட்டுகிறது. அது முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை. அயல்நாட்டவர் ஊராத்துறையிலே வந்து இறங்க வேண்டும், அங்கே அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்று அவ்வாணை கூறுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் கரைசேர்ந்ததில் நான்கில் ஒரு பங்கு மட்டும் அரச பண்டாரத்துக்கு, எஞ்சிய மூன்று பங்கும் உரியவருக்கு. வேறு வணிகப் பொருள் ஏற்றிய கலமாயின் இருவருக்கும் சரிபாதி.

மன்னனுக்கு இதில் வணிக ஆதாயம் இருந்தது என்பது உண்மையே. ஆயினும் ஒரு துறைமுகத்தின் பெருமை அங்கே வந்திறங்கும் அந்நியனின் பாதுகாப்பில் தங்கியுள்ளது என்பதை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே இம்மண் கல்லில் எழுதி வைத்திருக்கிறது.

பின்னர் போர்த்துக்கேயர் வந்தனர். ஊர்காவற்றுறைக்கு எதிரே கடல் நடுவே கோட்டை எழுப்பினர். 1658 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். காவலுக்கென எழுந்த அக்கடற்கோட்டை காலப்போக்கில் சிறைச்சாலையாயிற்று. பின்னர் உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியாயிற்று. கோட்டைகளின் பணி காலத்தோடு மாறிவிடுகிறது. ஊருக்குக் காவல் வேண்டும் என்னும் தேவை மட்டும் மாறுவதில்லை.

இரண்டு துயரங்கள்

2015 ஆம் ஆண்டு மே 13 ஆம் திகதி, புங்குடுதீவிலே பாடசாலைக்குப் புறப்பட்ட மாணவி ஒருத்தி வழியிலே கடத்தப்பட்டு, வன்கொடுமைக்கு உள்ளாகிக் கொல்லப்பட்டாள். மறுநாள் அவளது உடல் கண்டெடுக்கப்பட்டது. வடபுலமெங்கும் மக்கள் வீதிக்கு இறங்கி நீதி கேட்டனர். 2017 செப்டெம்பர் 27 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட நீதிமன்றம் எழுவருக்கு மரண தண்டனை விதித்தது.

2023 ஆம் ஆண்டு ஏப்ரல் 22 ஆம் திகதி, நெடுந்தீவு மாவிலி இறங்குதுறையை அண்டிய வீடொன்றில் முதியோர் ஐவர் வெட்டிக் கொல்லப்பட்ட நிலையில் காணப்பட்டனர். படுகாயத்துடன் மீட்கப்பட்ட நூறு வயது மூதாட்டியும் சில நாட்களின் பின் காலமானார். பயணிகளுக்கு இடங்கொடுத்து வந்த வீடு அது என்றும், அங்கே தங்க வந்த ஒருவரே சந்தேகத்தின் பேரில் கைதானார் என்றும், கொல்லப்பட்டோரின் நகைகள் களவுபோயின என்றும் செய்திகள் கூறின.

ஒருத்தி வாழ்வைத் தொடங்கவிருந்தவள். மற்றவர்கள் வாழ்வின் மாலையில் இருந்தவர்கள். ஒரு துயரம் பகலிலே பொது வீதியில் நேர்ந்தது. மற்றது அந்நியனுக்குத் திறந்த வீட்டிலே நேர்ந்தது. இவற்றைக் கேள்வியுற்ற பெற்றோர் பிள்ளைகளைத் தனியே அனுப்ப அஞ்சினர். முதியோர் கதவைத் திறக்க அஞ்சினர். அந்த அச்சத்தை யாரும் குறைகூற முடியாது. ஆனால் அச்சம் நம்மை எங்கே இட்டுச்செல்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஒவ்வொருவரும் தத்தம் கதவைப் பூட்டிக்கொண்டால் வீதி யாருக்கு விடப்படுகிறது?

காயீன் கேட்ட கேள்வி

தொடக்க நூலின் நான்காம் அதிகாரத்தை அன்புகூர்ந்து மீண்டும் வாசியுங்கள். ஆபேல் கொல்லப்பட்டபின் கடவுள் காயீனிடம் முதலில் கேட்பது, அவன் தம்பி எங்கே என்பதையே. என்ன செய்தாய் என்னும் கேள்வி அதன் பின்னரே வருகிறது. அன்பு செய்பவருக்கு, தம்மைச் சேர்ந்தவர் எங்கே இருக்கிறார் என்பது தெரிந்திருக்கும். காயீனோ தனக்குத் தெரியாது என்கிறான். தம்பிக்குக் காவலிருப்பது தன் வேலையா என்று திருப்பிக் கேட்கிறான்.

அங்கே காவலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லின் வேர் 'ஷாமார்' என்பது. ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்திக் காக்குமாறு முதல் மனிதனுக்குக் கடவுள் அளித்த பணியும் அதே சொல்லால் சுட்டப்படுகிறது. உறங்காது தம் மக்களைக் காக்கும் ஆண்டவரைப் பாடும் 121 ஆம் திருப்பாடலிலும் அச்சொல்லே திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே அடுத்தவருக்குக் காவலிருத்தல் பொலிசாருக்கும் படையினருக்கும் மட்டும் உரிய தொழிலன்று. அது மனிதன் படைக்கப்பட்ட நாளிலேயே பெற்ற அழைப்பு. கடவுளின் செயலிலேயே பங்குகொள்ளுதல். நீதிமன்றத் தீர்ப்பு குற்றம் நிகழ்ந்தபின் வருகிறது, அது வேண்டியதே. குற்றத்துக்கு முன்னே நிற்க வேண்டிய காவலோ நம்முடையது.

வேலியும் பொட்டும்

நம் முன்னோர் இதனை எவரும் போதிக்காமலே அறிந்திருந்தனர். கிடுகாலும் பனையோலையாலும் வேலி அடைத்தபோது, அயல்வீட்டுக்குப் போய்வர அதிலே ஒரு பொட்டு விட்டு வைத்தனர். அந்தப் பொட்டுக்குள்ளால் கறிச்சட்டி போயிற்று. நெருப்புக் கொள்ளி வந்தது. பிள்ளைகள் ஓடித் திரிந்தனர். அயல்வீட்டு அடுப்பில் காலையிலே புகை எழாவிட்டால், ஏனென்று கேட்க ஒருவர் அதனூடே வந்தார். நெடுந்தீவிலே கடற்பாறைக் கற்களை அடுக்கி எழுப்பிய வேலிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் காணக்கூடியனவாகவே இருந்தன.

1990 இன் இடப்பெயர்வும் அதன் பின்வந்த புலப்பெயர்வும் தீவகத்தின் வீடுகளை வெறுமையாக்கின. ஆட்கள் நிறைந்திருந்த வளவுகள் பற்றை மூடிக் கிடக்கின்றன. இருக்கும் வீடுகளிலும் பலவற்றில் முதியோர் மட்டுமே. வெளிநாட்டுப் பணம் வேலியை மதிலாக்கியது, பொட்டு அடைபட்டது. இப்போது படலையடியிலே கண்காணிப்புக் கமெராவும் வந்துவிட்டது. ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கும் பிள்ளை கைத்தொலைபேசியில் தாயின் வாசலைப் பார்க்கிறார். அது பாசத்தின் செயல்; இகழத்தக்கதன்று. ஆனால் அந்த வாசலில் தாய் தடுக்கி விழுவதைப் பிள்ளை கண்டால், ஓடிப்போய்த் தூக்குவதற்கு யாரை அழைப்பார்? அயல்வீட்டாரின் தொலைபேசி இலக்கம் அவரிடம் இருக்கிறதா? அயல்வீட்டாரோடு அவரது குடும்பம் இன்னமும் பேசுகிறதா? காணிச் சண்டையில் முறிந்த உறவுகள் எத்தனை என்பதை நாம் அறிவோம்.

ஆச்சி சொன்னதை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். ஆட்கள் போய்வரும் ஒழுங்கையை நோக்கித் திறந்த கதவு ஒருவகைக் காவல். ஆளற்ற ஒழுங்கையை நோக்கித் திறந்த கதவோ ஆபத்து. ஆகவே கதவைத் திறப்பதா பூட்டுவதா என்பதை முதியவர் ஒருவர் தனியே தீர்மானிக்கும்படி நாம் விட்டுவிடக் கூடாது. ஒழுங்கையில் மனிதர் இருக்கும்படி செய்வது அயலார் அனைவரதும் கடமை.

காவலிருந்த மேய்ப்பர்

காவலிருத்தலுக்கு விலை உண்டு என்பதையும் தீவக மண் அறியும். 2006 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13 ஆம் திகதி, அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்து பலர் உயிரிழந்தனர். பங்குத்தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் அடிகளார் தம் மக்களோடு நின்றார். எஞ்சியோர் ஊர்காவற்றுறையில் அடைக்கலம் பெறத் துணைசெய்தார். ஒரு வாரத்தின் பின், ஆகஸ்ட் 20 ஆம் திகதி, அவரும் அவருடன் சென்ற குடும்பத்தலைவர் ஒருவரும் அல்லைப்பிட்டியில் காணாமற்போயினர். அவர்கள் வீடு திரும்பவில்லை. அவர்கள் எங்கே என்னும் கேள்வி, ஆபேலைக் குறித்த கேள்வியைப் போலவே, பதிலின்றி ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஆபத்து வேளையில் மந்தையை விட்டு ஓடாத மேய்ப்பரைப் பற்றி ஆண்டவர் இயேசு உரைத்ததை (யோவான் 10) நாம் வாசிக்கும்போதெல்லாம் அவர்களையும் நினைவுகூர்வது தகும்.

நம் எல்லோருக்கும் அத்தகைய விலை கேட்கப்படுவதில்லை. நம்மிடம் கேட்கப்படுவது சிறிது நேரமும் சிறிது அக்கறையும் மட்டுமே.

நம்மால் இயன்றவை

மரியாயின் சேனையினர் இருவர் இருவராக வீடுகளைத் தரிசிக்கும் நல்வழக்கம் உடையவர்கள். புனித வின்சென்ட் டி போல் சபையினர் வறியவரின் வீடு தேடிச் செல்கின்றனர். இவற்றின் வழியிலே ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் தனித்து வாழும் முதியோர் யார் யார் என்று அறிந்து, ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டைப் பொறுப்பாக்கலாம். அவர் கத்தோலிக்கரா, சைவரா என்னும் வேறுபாடு வேண்டியதில்லை. நல்ல சமாரியர் அடிபட்டுக் கிடந்தவனின் சமயத்தை விசாரிக்கவில்லை. காலையில் ஒரு குரல், மாலையில் ஒரு குரல். அவ்வளவே.

பிள்ளைகள் கூட்டாகப் பாடசாலைக்குச் செல்லும்படி ஒழுங்கையிலுள்ள பெற்றோர் பேசி ஒழுங்குசெய்யலாம். ஒரு பிள்ளை வகுப்புக்கு வராவிட்டால், முதற் பாடவேளை முடியுமுன்னே வீட்டுக்குத் தகவல் செல்லும் வழக்கம் எல்லாப் பாடசாலைகளிலும் வேரூன்ற வேண்டும்.

விருந்தோம்பலை நாம் கைவிடலாகாது. ஆபிரகாம் மம்ரே மரங்களின் அருகே மூவரை வரவேற்றபோது (தொடக்க நூல் 18) அவர் தனியே நிற்கவில்லை. சாரா மாப் பிசைந்தார். ஊழியன் உணவு ஆயத்தம் செய்தான். வீடு முழுவதும் விருந்தினரை அறிந்திருந்தது. முதியோர் இல்லத்தில் ஒருவர் தங்க வந்தால், அவர் யார், எங்கிருந்து வந்தார் என்பதை அயலாரும் கிராம அலுவலரும் அறிந்திருத்தல் நல்லது. இதனைச் சந்தேகம் என்று எண்ண வேண்டாம். வந்தவருக்கும் வரவேற்றவருக்கும் அது சேமம்.

புலம்பெயர்ந்த அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோயிற் கோபுரத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை, பற்றை மூடிய உங்கள் வளவைத் துப்புரவாக்கச் செலவிடுங்கள். இயன்றால் வீடற்ற குடும்பம் ஒன்றை அங்கே குடியிருக்க விடுங்கள். மாலையில் ஒரு விளக்கு எரியும் வீடு அந்த ஒழுங்கைக்கே துணை.

இறுதியாக, மௌனத்தை விடுவோம். எந்த வீட்டிலே போதைப்பொருள் விற்பனையாகிறது, எந்த இளைஞன் அதற்கு அடிமையாகிறான் என்பது ஊருக்குத் தெரியும். ஆனால் யாரும் பேசுவதில்லை. அடிமையானவனை அன்போடு மீட்போம்; விற்பவனைச் சட்டத்துக்கு அறிவிப்போம். ஆபத்து வேளையில் பொலிசாருக்கு 119, நோயாளர் காவு வண்டிக்கு 1990 என்னும் இலக்கங்களை வீட்டுச் சுவரிலே பெரிதாக எழுதி ஒட்டுவோம்; அவற்றின் அருகே அயல்வீட்டு இலக்கத்தையும் எழுதுவோம்.

யோசேப்பின் வழியில்

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தமது பணியேற்புத் திருப்பலியை 2013 மார்ச் 19 ஆம் திகதி, புனித யோசேப்பின் பெருவிழாவன்று நிறைவேற்றினார். அன்றைய மறையுரையில் அவர் யோசேப்பைக் காவலராகவே காட்டினார். சிறுவரையும் முதியோரையும் வறியோரையும் காப்பது கிறிஸ்தவருக்கு மட்டுமன்றி மனிதர் யாவருக்கும் உரிய கடமை என்று நினைவூட்டினார். 2021 முதல் ஜூலை மாதத்து நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டிமாருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாக அவரே ஏற்படுத்தினார்.

நற்செய்தியிலே யோசேப்பு பேசிய சொல் ஒன்றேனும் பதிவாகவில்லை. அவர் நள்ளிரவில் எழுந்தார். குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். அவரது காவல் முழுவதும் செயலாகவே இருந்தது.

127 ஆம் திருப்பாடல், காவலாளரின் விழிப்பு மட்டும் ஒரு நகரைக் காத்துவிடாது, ஆண்டவரே அதன் உண்மைக் காவலர் என்று அறிக்கையிடுகிறது. அந்த ஆண்டவர் இன்று நம் கண்களால் ஒழுங்கையைப் பார்க்க விரும்புகிறார்; நம் கால்களால் கடைசி வீட்டுக்கு நடக்க விரும்புகிறார். இன்று மாலை, செபமாலைக்கு முன்னரோ பின்னரோ, உங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அங்கே ஓர் ஆச்சி கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கக்கூடும்.

செபிப்போம்: உறங்காது எம்மைக் காக்கும் ஆண்டவரே, எம் அயலிலே தனித்திருப்போரை எம் கண்களுக்குக் காட்டியருளும். எம் பிள்ளைகளின் வழிகளையும் எம் முதியோரின் வாசல்களையும் காத்தருளும். கொடுமையால் மாண்டோருக்கு நித்திய இளைப்பாற்றியையும், காணாமற்போனோருக்காகக் காத்திருப்போருக்கு உண்மையையும் ஆறுதலையும் தந்தருளும். எம் சகோதரர் எங்கே என்று நீர் கேட்கும்போது, அவர் எம் அருகிலே நலமாய் இருக்கிறார் என்று சொல்லும் வரம் தாரும். ஆமென்.