மைக்கா மேசையின் மூட்டுவாய்

தேநீர்க்கடையின் மேசை, நூலகத்தின் நீள்பலகை, புதிதாகக் கட்டிய வீட்டின் அடுக்களை அலமாரி ஆகியவற்றின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் மெல்லிய, வழுவழுப்பான தகட்டை நாம் 'மைக்கா' என்கிறோம். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் சமையல் மேடை பெரும்பாலும் கருங்கல்லால் அமைவதால், இத்தகட்டை அடுப்பருகே காண்பதைவிட மேசைகளிலும் கடைகளின் கல்லாவிலும் காண்பதே மிகுதி. மேசையின் கால்கள் உறுதியாக இருக்கும்போதே, இரண்டு தகடுகள் சேரும் மூட்டுவாய் பிளந்துகொள்வதுண்டு. மூலையில் சில்லு தெறிப்பதுண்டு. பலர் அதனை அழகுக்குறை என்று எண்ணி விட்டுவிடுவர். உண்மையில் அது நீர் உள்ளே நுழையும் வாயில்.

பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மைக்கா என்பது தமிழில் காக்காப்பொன் எனப்படும் கனிமத்தின் ஆங்கிலப் பெயர். நம் மேசையில் அக்கனிமம் துளியும் இல்லை. மின்கருவிகளில் மின்சாரம் கசியாமல் தடுப்பதற்குக் காக்காப்பொன் பயன்பட்டு வந்த காலத்தில், அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஃபேபர், டேனியல் ஓகானர் என்னும் இருவர் 1912ஆம் ஆண்டில் அதற்கு மாற்றாக ஒரு பொருளை உருவாக்கினர். காக்காப்பொன்னுக்குப் பதிலானது என்னும் பொருளில் அதற்கு 'ஃபார்மிகா' என்று பெயரிட்டனர். மறு ஆண்டில் சின்சினாட்டி நகரில் தனித்தொழில் தொடங்கினர். மின்கருவிக்காகப் பிறந்த பொருள் பின்னர் மேசைக்கு வந்தது. நம் நாட்டில் 'சன்மைக்கா' என்னும் வணிகப் பெயரே இவ்வகைத் தகடுகள் அனைத்திற்கும் பொதுப்பெயர்போல் ஆகிவிட்டது. பொருள் மாறியும் பெயர் ஒட்டிக்கொண்டதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

இத்தகடு காகிதத்தால் ஆனது என்றால் மாணவர்கள் வியப்படையலாம். பழுப்பு நிறத் தடித்த காகிதத் தாள்கள் பலவற்றை ஒருவகைப் பிசினில் ஊறவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். வண்ணமோ மரவரியோ அச்சிட்ட தாளை மெலமைன் பிசினில் ஊறவைத்து மேலே வைப்பர். பின்னர் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் அவற்றை ஒரே தகடாக இறுக்குவர். மேசைக்குப் பயன்படும் தகட்டின் கனம் பெரும்பாலும் 1 மில்லிமீட்டர் அளவே. அதன் மேல்முகத்தில் நீர் நின்றாலும் துடைத்தால் போய்விடும். வெட்டிய விளிம்பு அத்தகைய காப்பு உடையது அன்று. அதற்கும் அடியில் இருக்கும் மரப்பலகையோ நீரை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும்.

பலகையிலும் வகை உண்டு. மெல்லிய மர ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் செய்வது ஒட்டுப்பலகை. மக்கள் பிளைவுட் என்பர். இடுக்கிக்கு மேற்கே உள்ள பெரும்பாவூர் இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். மரத்துகளைப் பசையிட்டு அழுத்திச் செய்வது துகள்பலகை. ஒட்டுப்பலகை சிறிதளவு நனைந்தால் உலர்ந்து மீள்வதுண்டு. துகள்பலகை நனைந்து ஊதிவிட்டால் உலர்ந்த பின்னும் பழைய கனத்திற்குத் திரும்புவதில்லை. ஆகவே எந்தப் பலகை என்று அறியாமல் பசையை வாங்குதல் வீண்செலவு. மேசையின் அடிப்புறத்தையோ, குழாய்க்காகத் துளையிட்ட இடத்தையோ பார்த்தால் இது தெரிந்துவிடும்.

நம் பகுதியின் வானிலைக்கும் இதில் பங்கு உண்டு. பீருமேட்டிலும் மூணாற்றிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சுவரே வியர்க்கும். மரம் ஈரத்தை வாங்கி விரியும். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியே மார்கழி, தை மாதங்களில் வறண்ட கீழைக்காற்று வீசும்போது சித்தூர்ப் பக்கத்து மேசைகள் சுருங்கும். தகடும் காகிதமே ஆதலால் அதுவும் ஈரத்திற்கேற்ப விரிந்து சுருங்கும். ஆனால் பலகை அசையும் அளவும் தகடு அசையும் அளவும் ஒன்றல்ல. இந்த இழுபறியில் முதலில் தோற்பது மூட்டுவாயே. மழைக்காலத்தில் இறுக்கமாகத் தோன்றிய மூட்டுவாய் தை மாதத்தில் மயிரிழை அகலம் திறப்பதும், அதன்வழியே அடுத்த மழைக்காலத்தில் நீர் இறங்குவதும் இவ்வாறுதான்.

செப்பனிடுமுன் நோயை அறிதல் வேண்டும். மூட்டுவாயின் இருபுறமும் விரல்மொட்டால் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளென்ற ஒலி எழுந்தால் அவ்விடத்தில் தகடு பலகையை விட்டு நீங்கியுள்ளது. விரலால் அழுத்தினால் படிந்து, விட்டால் எழுமானால், பழுது பசையில்தான். அழுத்தியும் படியாமல் மேடுபோல் நிற்குமானால் பலகையே ஊதிவிட்டது. அங்கே பசை பயன் தராது. அவ்விடத்துத் தகட்டை எடுத்து, ஊதிய பலகைப் பகுதியை வெட்டி மாற்றுவதே வழி. அது தச்சருக்குரிய வேலை.

பசையே பழுது என்றால் முதல் வேலை உலர்த்துதல். அவசரக்காரர்கள் தவறுவது இங்கேதான். ஈரம் உள்ளே இருக்கப் பசையிட்டு மூடினால், நீரை உள்ளே அடைத்துவைத்தது போலாகும். மேலே அழகாகவும் அடியில் அழுகலாகவும் மேசை சிலகாலம் நிற்கும். தகட்டின் விளிம்பை மெல்ல உயர்த்தி, தீக்குச்சிகளைச் செருகி வாயைத் திறந்து வைத்து, மின்விசிறியின் கீழ் சில நாள் விட வேண்டும். தகட்டை மிகுதியாக வளைத்தல் கூடாது, முறிந்துவிடும். ஆடி மாதத்து மூடுபனியில் இப்பணி எளிதில் முடியாது. காத்திருக்க முடியுமானால் வெயில் காலத்திற்குத் தள்ளிவைத்து, அதுவரை மூட்டுவாயின்மேல் ஒட்டுநாடா இட்டு நீர் புகாமல் காப்பதே நன்று என்பது என் கருத்து.

நன்கு உலர்ந்த பின் பழைய பசையைச் சுரண்டித் தூசியைத் துடைத்துவிட்டு, கடைகளில் கிடைக்கும் ரப்பர் பசையைத் தகட்டின் அடியிலும் பலகையின் மேலும் மெல்லியதாகப் பூச வேண்டும். பூசியவுடன் ஒட்டக் கூடாது. விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை, குச்சிகளை எடுக்காமல் பொறுத்திருக்க வேண்டும். பின்னர் குச்சிகளை உருவி, பூரிக்கட்டையை உள்ளிருந்து விளிம்பை நோக்கி அழுத்தி உருட்ட வேண்டும். இப்பசை தொட்ட நொடியில் பற்றும். நகர்த்திச் சரிசெய்ய இடம் தராது. மரவேலைக்குரிய வெள்ளைப் பசையில் சாதாரண வகை நீரில் இளகும். நீர் புழங்கும் மேசைக்கு அது ஆகாது.

மூட்டுவாயில் இன்னும் மெல்லிய இடைவெளி இருந்தால் அதனை அரால்டைட் போன்ற இருகுழாய்ப் பசையால் நிரப்பலாம். இடைவெளியின் இருபுறமும் ஒட்டுநாடா இட்டு, தகட்டின் நிறத்தையொத்த வண்ணத்தூளைச் சிறிது கலந்து, பசையை அழுத்தி நிரப்ப வேண்டும். முழுவதும் இறுகுமுன் மேலே துருத்தும் பகுதியைக் கூரிய தகடு கொண்டு சீவிவிட வேண்டும். கல்லாக இறுகிய பின் உரசினால் பசை தேய்வதற்கு முன் பக்கத்துத் தகட்டின் பளபளப்பு தேய்ந்துபோகும்.

சில்லு தெறித்த இடத்திற்கும் இதே முறை பொருந்தும். தெறித்த துண்டு கிடைத்தால் அதனைத் தூக்கியெறியாமல் எடுத்துவைத்தல் வேண்டும். அதனையே திரும்ப ஒட்டினால், கடையில் வாங்கும் எந்தப் பூச்சும் தராத பொருத்தம் கிடைக்கும். துண்டு தொலைந்திருந்தால், அதே தகட்டின் மீந்த துண்டை அரத்தால் தேய்த்து, அந்தப் பொடியைப் பசையில் குழைத்து அப்பலாம். தேய்க்கும்போது மேல்நிறத்தோடு பழுப்புக் காகிதமும் பொடியாவதால் குழம்பு சற்றுக் கருமையாகத் தோன்றும்; வண்ணத்தூள் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். முழுப் பொருத்தத்தை எதிர்பார்த்தல் வேண்டா. நீரைத் தடுத்தால் போதும்.

ரப்பர் பசையின் ஆவி எளிதில் தீப்பற்றும். அடுப்பையும் ஊதுவத்தியையும் அணைத்து, சன்னல்களைத் திறந்து வைத்த பின்னரே குப்பியைத் திறக்க வேண்டும். இருகுழாய்ப் பசை தோலில் படாமல் கையுறை அணிதல் நலம். தகட்டைத் தேய்க்கும்போது எழும் பொடியை மூச்சில் இழுக்காதவாறு மூக்கையும் வாயையும் மறைத்துக்கொள்ள வேண்டும். மாணவர்கள் இப்பணியைப் பெரியவர் ஒருவர் உடனிருக்கவே செய்தல் வேண்டும்.

ஒட்டிய மேசையின்மேல் குறைந்தது ஒரு நாள் நீர் படக் கூடாது. அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரையும் பால் பாத்திரத்தையும் மூட்டுவாயின்மேல் நேராக வைக்கக் கூடாது. பசை வெப்பத்தில் இளகும். பிரிமணையோ மரப்பலகையோ இட்டு வைக்கலாம். குழாயும் தொட்டியும் சேரும் இடத்தில் பலகையின் வெட்டுவாய் பூச்சின்றித் திறந்து கிடக்குமானால், தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன் மாதத்திற்கு முன்பே அதற்கும் ஒரு பூச்சுப் பசை கொடுத்துவிட வேண்டும்.